மன்னார்க் கடலடியில் எண்ணெய் உளதா?

தோற்றுவாய்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கொழும்பு மாநகரில் வாழ்ந்தோர் அவ்வாண்டினை எளிதில் மறவார். வெள்ளவத்தையிற் காலி வீதியோரமாக அமைந்த எரிபொருள் நிலையங்களின் முன்னே வண்டிகள் நாட்கணக்காக வரிசையிட்டு நின்றன. சமையல் வாயுக் கொள்கலங்களைச் சங்கிலியாற் பிணைத்து, அவற்றின் அருகிலேயே இரவைக் கழித்தோர் பலர். யூன் மாதத்திற் கொழும்புப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. ஆசிரியரும் மாணவரும் வந்து சேர்தற்கு எரிபொருள் இல்லை.

பள்ளிக்கூடம் மீண்டும் திறந்த நாட்களில் ஒருநாள், எண்ணெய் விளையும் நாடுகளை உலகப் படத்திற் காட்டிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்தான். அவனுடைய தந்தையார் முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். "ஐயா, மன்னார்க் கடலிலே எண்ணெய் இருக்கிறது என்கிறார்களே, பின்னர் எதற்காக அப்பா இரண்டு இரவு வரிசையிலே படுத்திருந்தார்?" என்று அவன் வினவினான்.

"இருக்கிறது தம்பி, எடுப்பதற்கு நாட்டிலே பணமில்லை" என்று யான் உடனே விடை கூறினேன். வகுப்பு அவ்விடையை ஏற்றுக்கொண்டது. யான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பின்னர் இவ்விடயம்பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தபோது, என் விடையிற் பிழை இருந்த இடம் பணத்தைப் பற்றிய பகுதியன்று, "இருக்கிறது" என்ற முதற் சொல்லே என்று கண்டேன். அச்சொல்லைச் சொல்வதற்கு எத்தனை படிகளைக் கடத்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அன்று அம்மாணவனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய விடையும் இதுவேயாகும்.

எண்ணெய் பிறக்குமாறு

நிலத்தின் அடியிலே எண்ணெய் ஓர் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கின்றது என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் தவறானது. செங்கல்லை நீரில் இட்டால் அது நீரை உறிஞ்சி வைத்திருப்பதுபோல, கற்களின் நுண்ணிய துளைகளுக்குள்ளேயே எண்ணெயும் வாயுவும் அடங்கியிருக்கின்றன. அவ்வாறு அடங்குதற்கு ஐந்து நிபந்தனைகள் நிறைவேறுதல் வேண்டும்.

முதலாவது, தாய்ப்பாறை. கடலில் வாழும் நுண்ணுயிர்களும், ஆறுகள் கொணரும் தாவரச் சிதைவுகளும் சேற்றோடு சேர்ந்து அடியிற் படிந்து, காற்றுப் படாமல் மூடுண்டு, காலப்போக்கில் மாக்கல்லாக இறுகுகின்றன. எண்ணெய்க்கு மூலப்பொருள் இதுவே.

இரண்டாவது, வெப்பம். பூமியினுள்ளே இறங்க இறங்க வெப்பநிலை கூடுகின்றது. சராசரியாகக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 30 பாகை செல்சியசு எனக் கொள்வர். ஏறத்தாழ 60 பாகை முதல் 120 பாகை வரையுள்ள வெப்பத்திலே தாய்ப்பாறை எண்ணெயைத் தருகின்றது. அதற்கு மேலே வாயு மிகுகின்றது. ஏறத்தாழ 200 பாகையைக் கடந்தால் யாதும் எஞ்சுவதில்லை. ஆராய்ச்சியாளர் இவ்விடத்தை எண்ணெயின் அடுக்களை என்று அழைப்பர். நெருப்புக் குறைந்தால் சோறு வேகாது, கூடினால் கருகிவிடும்.

மூன்றாவது, தேக்கப்பாறை. பிறந்த எண்ணெய் தங்குதற்குத் துளைகள் நிறைந்த மணற்கல்லோ சுண்ணக்கல்லோ வேண்டும். துளைகள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தலும் வேண்டும். அன்றேல் உள்ளே இருப்பது கிணற்றை வந்தடையாது.

நான்காவது, மூடியோடு கூடிய பொறி. எண்ணெயும் வாயுவும் நீரினும் இலேசானவை. ஆதலின் மேல்நோக்கி ஏறிக்கொண்டே இருக்கும். கவிழ்த்த கிண்ணம்போல வளைந்த படையோ, பிளவினால் அடைபட்ட படையோ அவற்றைத் தடுத்தல் வேண்டும். அதன்மேல் ஊடுபுகவிடாத மாக்கல் மூடியாக அமைதலும் வேண்டும். மூடி இல்லையேல் எல்லாம் கடலிற் கசிந்து போய்விடும்.

ஐந்தாவது, காலப்பொருத்தம். எண்ணெய் ஏறி வருமுன்னரே பொறி அமைந்திருத்தல் வேண்டும். கூட்டம் கலைந்தபின் மண்டபத்தைத் திறந்து பயனில்லை.

மன்னார்ப் படுகையின் வரலாறு

நம் தீவின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியக் காலத்திற்கு முற்பட்ட, மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆயது. அப்பாறைகளுள் எண்ணெயைத் தேடுவது வீண். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வடமேற்குக் கரையிலுமே பெரும்பாலும் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல் காணப்படுகின்றது. புத்தளத்துக்கு அண்மையில் தப்போவ, ஆண்டிகம என்னும் இடங்களில் யுராசிக்குக் காலத்து அடையற்பாறைகள் சிறு திட்டுகளாக உள. தப்போவப் பாறைகளில் அக்காலத் தாவரங்களின் உயிர்ச்சுவடுகள் பதிந்துள்ளன. பரப்பிற் சிறியவையாயினும், கடலடியில் மறைந்து கிடக்கும் பெரியதொரு வரலாற்றின் முதல் ஏடுகள் அவையே எனலாம்.

அவ்வரலாறு வருமாறு: முற்காலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவை கொண்டுவானா என்னும் ஒரே பெருங்கண்டமாக இணைந்திருந்தன. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அக்கண்டம் பிளவுறத் தொடங்கியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலும் நிலம் இழுபட்டு மெலிந்து, துண்டு துண்டாக உடைந்து தாழ்ந்தது. ஆயினும் அப்பிளவு முற்றுப்பெறவில்லை. இரு நிலங்களும் முழுதாகப் பிரியாமலே நின்றுவிட்டன. அவ்வாறு தாழ்ந்த பள்ளமே மன்னார்ப் படுகை. அதன் வடக்கே, பாக்கு நீரிணையையும் தமிழகக் கரையையும் தழுவிக் கிடப்பது காவிரிப் படுகை.

மன்னார்ப் படுகையின் பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீற்றர். அஃதாவது நம் தீவின் பரப்பில் மூன்றிலிரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். கடலின் ஆழம் தெற்கே செல்லச் செல்லக் கூடி 3,000 மீற்றரையும் கடக்கின்றது. அதன் அடியிலே அடையல்களின் தடிப்பு சில இடங்களில் 6 கிலோமீற்றருக்கும் மேற்படும். இருபுறத்து ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மணலையும் சேற்றையும் கொணர்ந்து அப்பள்ளத்தை நிரப்பியுள்ளன. இன்றும் அருவி ஆறு அதே தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றது.

இடையிலே நெருப்பும் புகுந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மடகாஸ்கர் இந்தியாவினின்றும் பிரிந்தது; ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தக்கணத்தில் எரிமலைக் குழம்பு பெருகியது. மன்னார்ப் படுகையிலும் எரிமலைப் பாறைகள் துளைகளில் எதிர்ப்பட்டுள்ளன. எண்ணெய் தேடுவோர்க்கு இவை இருவகைப் பயனுடையவை. அவ்வெப்பம் தாய்ப்பாறையைச் சமைத்திருக்கலாம். ஆனால் அக்கரும்பாறை தன் கீழே உள்ளதைக் காணவொட்டாமல் மறைத்தும் விடுகின்றது.

கடலடியைத் தட்டிப் பார்த்தல்

சந்தையிலே தேங்காய் வாங்குவோர் அதனை உடைத்துப் பார்ப்பதில்லை. விரலாற் சுண்டி, எழும் ஒலியைக் கேட்டு உள்ளீட்டை அறிவர். கடலடி ஆராய்ச்சியும் அத்தகையதே. கப்பலொன்று அழுத்திய காற்றை நீரினுள் வெடித்து வெளிவிடுகின்றது. அதிர்வலை கீழே சென்று, ஒவ்வொரு பாறைப்படையிலும் பட்டு எதிரொலித்து மீளுகின்றது. கப்பலின் பின்னே பல கிலோமீற்றர் நீளத்துக்கு இழுபட்டு வரும் வடங்களிற் பொருத்திய கருவிகள் அவ்வெதிரொலிகளைப் பதிகின்றன.

கணக்கு எளியது. கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். எதிரொலி 2 செக்கனில் மீண்டதாயின், போக ஒன்று, வர ஒன்று. ஆகவே ஆழம் 1,500 மீற்றர். பாறையினுள்ளே கணக்கு இத்துணை எளிதன்று. அங்கே ஒலியின் வேகம் பாறைக்குப் பாறை மாறும். வேகத்தைப் பிழையாகக் கொண்டால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். அன்றியும், அதிர்வலை பாறையின் வடிவத்தையே காட்டும். அதன் துளைகளுள் இருப்பது எண்ணெயோ வாயுவோ உப்புநீரோ என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டாது. தேங்காயை உடைத்தே தீர வேண்டும். அஃதாவது துளையிட்டே தீர வேண்டும்.

பதினொரு கிணறுகள்

இலங்கையில் இத்தேடல் 1960களின் பிற்பகுதியிலே பிரெஞ்சு நிறுவனமொன்றின் அதிர்வலை அளவையோடு மன்னாரில் தொடங்கியது. அடுத்துச் சோவியத்து நாட்டு வல்லுநரின் துணையோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் மன்னார்த் தீவிலே பேசாலையில் மூன்று கிணறுகளைத் துளைத்தது. முதலாவது 1974இல் துளைக்கப்பட்டது. அதே 1974இலும், பின்னர் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடலெல்லை உடன்படிக்கைகளைச் செய்துகொண்டன. இவற்றால் எப்பகுதியில் எவர் தேடலாம் என்பது தெளிவாயிற்று. 1976இல் மாரதன் என்னும் அமெரிக்க நிறுவனம் பாக்குக் கடலில் இரு கிணறுகளைத் துளைத்தது. அவற்றுள் ஒன்று நெடுந்தீவின் ஆங்கிலப் பெயரைப் பெற்றது. 1981இல் சிற்றீஸ் சேர்விஸ் என்னும் மற்றோர் அமெரிக்க நிறுவனம் வடக்கே ஒன்றும் மன்னார் வளைகுடாவில் ஒன்றுமாக இரு கிணறுகளைத் துளைத்தது. வளைகுடாவிற் துளைத்த கிணற்றின் பெயர் 'முத்து' என்னும் பொருளுடைய 'பேர்ள்'. பெயரில் இருந்த முத்து கிணற்றில் இல்லை. ஏழு கிணறுகளிலும் வணிகத்துக்கு ஏற்ற எண்ணெயோ வாயுவோ கிடைக்கவில்லை.

அதன்பின் முப்பது ஆண்டுகள் துளையிடல் நடைபெறவில்லை. 2001இலே புதிய அதிர்வலை அளவைகள் மன்னார்ப் படுகையின் ஆழப் பகுதிகளை நோக்கின. 2003ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேறியது. 2008இலே கெயான் என்னும் நிறுவனம் ஒரு பகுதியைத் தேடலுக்காகப் பெற்றது. 2011இலே யப்பானின் 'சிக்கியு' என்னும் துளையிடு கப்பல் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள ஆழ்கடலுக்கு வந்தது. நிலநடுக்கப் பிளவுகளை ஆராய்வதற்கென ஆக்கப்பட்ட கப்பல் அது.

'டொறாடோ' என்னும் முதற் கிணறு 1,354 மீற்றர் ஆழமான நீரிலே துளைக்கப்பட்டது. ஏறத்தாழ 3,050 மீற்றர் ஆழத்தில் மணற்கல்லினுள்ளே 25 மீற்றர்த் தடிப்புக்கு வாயு காணப்பட்டது. 'பராக்குடா' என்னும் கிணறு 1,509 மீற்றர் ஆழமான நீரிலே துளைக்கப்பட்டது. அங்கே 4,067 மீற்றருக்கும் 4,206 மீற்றருக்கும் இடையில் மூன்று படைகளிற் சேர்த்து 24 மீற்றர் காணப்பட்டது. இரண்டிலும் கிடைத்தது பெரும்பாலும் இயற்கை வாயுவே. திரவ எண்ணெய்க்கும் சிறிது இடமுண்டு எனக் கூறப்பட்டது. டொறாடோவின் வடக்கே துளைத்த கிணறும், 2013இல் துளைத்த நான்காவது கிணறும் வெறுங்கிணறுகளாயின.

ஆகப் பதினொரு கிணறுகள். அவற்றுள் இரண்டிலே வாயு. 2015இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. 2014இன் நடுவிற் பீப்பாய் ஒன்றுக்கு 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2015இன் தொடக்கத்தில் 50 டொலருக்கும் கீழே வீழ்ந்திருந்தது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

கிணறு கற்பித்த பாடம்

இரு கிணறுகளும் வாயுவைக் காட்டியதோடு வேறொன்றையும் கற்பித்தன. டொறாடோவில் வாயு இருந்த ஆழம் 3,050 மீற்றர். அதில் 1,354 மீற்றர் வெறும் நீர். நீர் பாறையைச் சமைப்பதில்லை. ஆகவே பாறைப்படையின் தடிப்பு ஏறத்தாழ 1,700 மீற்றர் மட்டுமே. ஆழ்கடலின் அடியில் வெப்பநிலை ஏறத்தாழ 4 பாகை. அதனோடு 1.7 × 30 = 51 பாகையைக் கூட்டினால் 55 பாகையாகும். சராசரி வீதத்தைக் கொண்டு செய்த இக்கணக்கின்படி அங்கே அடுப்பு இன்னும் சூடேறவில்லை. பராக்குடாவில் இதே கணக்கு 80 பாகைக்குச் சற்று மேலே தருகின்றது. அதுவும் பெருமளவில் வாயு பிறக்கும் வெப்பமன்று. நுண்ணுயிர்கள் ஆழங்குறைந்த இடத்தில் வாயுவைத் தோற்றுவிப்பதும் உண்டு. எனினும் திரவ எண்ணெயின் அறிகுறியும் உடனிருந்தமையால், இவ்வாயு அங்கே பிறந்ததன்று, அதனினும் ஆழமான அடுக்களையிற் பிறந்து மேலேறி வந்தது எனக் கருத இடமுண்டு.

ஆகவே தாய்ப்பாறை, வெப்பம் என்னும் முதலிரு நிபந்தனைகளும் இப்படுகையில் எங்கோ ஓரிடத்திலாயினும் நிறைவேறியுள்ளன. 1981 வரை எவரும் துணிந்து கூற முடியாதிருந்த செய்தி இது. 2011ஆம் ஆண்டின் உண்மையான பேறு இவ்வறிவேயாகும்.

கூட்டலன்று, பெருக்கல்

இனி, அடுத்த கிணறு பயன்தரும் என்பதற்கு நிகழ்தகவு எவ்வளவு? ஈண்டு மாணவர் தம் பரீட்சைக் கணக்கை மறத்தல் வேண்டும். ஐந்து பாடங்களிலும் ஒவ்வொன்றுக்கும் 70 புள்ளி பெற்ற மாணவனின் சராசரி 70. அவன் நல்ல மாணவன். எண்ணெய்க் கணக்கிலோ ஐந்து நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறுதல் வேண்டும். ஒன்று தவறினும் கிணறு வெறுங்கிணறே. ஆதலின் இங்கே கூட்டலில்லை, பெருக்கலே. ஒவ்வொரு நிபந்தனைக்கும் 0.7 என வைத்துக்கொண்டால், 0.7 ஐ ஐந்து முறை பெருக்க ஏறத்தாழ 0.17 வரும். அஃதாவது ஆறு கிணறுகளில் ஒன்றே பயன்தரும். ஒவ்வொன்றும் 0.5 ஆயின், முப்பத்திரண்டில் ஒன்று.

முதலிரண்டு நிபந்தனைகளும் நிறைவேறின என்பது தெரிந்துவிட்டால், மற்றை மூன்றையும் பெருக்கினாற் போதும். 0.7 ஐ மும்முறை பெருக்க 0.34 வரும், மூன்றில் ஒன்று. இவை விளக்கத்துக்காக யான் எடுத்த எண்களே. ஆயினும் கண்டுபிடிப்பொன்று அயலிலுள்ள அடுத்த கிணற்றின் நம்பிக்கையை எவ்வாறு இருமடங்காக்குகின்றது என்பதையும், அப்போதும் மூன்றில் இரண்டு தவறக்கூடும் என்பதையும் அவை தெளிவாகக் காட்டுகின்றன.

வெறுங்கிணறு ஒன்று படுகையில் ஒன்றுமில்லை என்பதற்குச் சான்றன்று. நோர்வேயின் கடற்பகுதியிலே பல வெறுங்கிணறுகளைத் துளைத்துச் சலித்த பின்னரே 1969இல் 'எக்கோபிஸ்க்' என்னும் பெரு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அண்மையில் நோக்கினால், நம் பாக்குக் கடற்கிணறுகள் பயன்தராத அதே காவிரிப் படுகையின் மறுகரையில், நாகப்பட்டினத்துக்கு அண்மையிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அதனைச் சுத்திகரிக்க 1993இல் ஆங்கு ஓர் ஆலையும் தொடங்கப்பட்டது.

எவ்வளவு உளது?

வாயு கிடைத்துவிட்டது எனக் கொள்வோம். எவ்வளவு என்பது அடுத்த வினா. இதற்கும் பெருக்கலே வழி: வயலின் பரப்பு, வாயுள்ள படையின் தடிப்பு, அதில் துளைகளின் விகிதம், துளைகளில் வாயுவின் விகிதம், மேலே வந்தால் வாயு எத்தனை மடங்கு விரியும் என்னும் எண், எடுக்கத்தக்க பங்கு ஆகிய ஆறினையும் ஒன்றோடொன்று பெருக்குதல் வேண்டும்.

கற்பனை வயல் ஒன்றை எடுப்போம். பரப்பு 20 சதுர கிலோமீற்றர், தடிப்பு 25 மீற்றர், துளை விகிதம் 20 சதவீதம், அதில் வாயு 70 சதவீதம், விரிவு 250 மடங்கு, எடுக்கத்தக்க பங்கு 70 சதவீதம். பெருக்கினால் ஏறத்தாழ 1,225 கோடி கன மீற்றர் வரும். இப்போது ஒவ்வோர் எண்ணையும், விரிவு நீங்கலாக, சிறிது குறைப்போம்: பரப்பு 10, தடிப்பு 15, துளை விகிதம் 15 சதவீதம், வாயு 60 சதவீதம், எடுக்கத்தக்க பங்கு 60 சதவீதம். விடை ஏறத்தாழ 202 கோடி கன மீற்றர். முன்னையதன் ஆறில் ஒரு பங்கே. தனித்தனியே நோக்கின் ஒன்றேனும் பாதிக்குக் கீழே குறையவில்லை. ஆயினும் முடிவு ஆறிலொன்றாகச் சுருங்கிவிட்டது.

துளை ஒன்று காட்டுவது ஒரு சாண் அகலமுள்ள பாறையின் உண்மையை. வயலின் பரப்போ பல சதுர கிலோமீற்றர். இடையில் உள்ளதெல்லாம் ஊகம். ஆதலின் நேர்மையான மதிப்பீட்டாளர் ஒருபோதும் ஒரே எண்ணைக் கூறுவதில்லை. குறைந்த மதிப்பு, நடு மதிப்பு, கூடிய மதிப்பு என மூன்றினைக் கூறுவர். செய்தியேடுகளில் வருவது பெரும்பாலும் கடைசி எண்ணே.

வங்காள விரிகுடாவிலே கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடலில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். 2002இல் அங்கே பெரிய வாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. 2009 ஏப்பிரலில் உற்பத்தி தொடங்கியது. நாளொன்றுக்கு 8 கோடி கன மீற்றர் வரும் என எதிர்பார்த்தனர். 2010இல் 6 கோடி அளவை எட்டியது. பின் விரைந்து வீழ்ந்து, 2013இல் 2 கோடிக்கும் குறைந்தது. எடுக்கத்தக்க இருப்பின் மதிப்பீடும் ஏறத்தாழ மூன்றிலொன்றாகக் குறைக்கப்பட்டது. பல கிணறுகளைத் துளைத்து, மேடைகளையும் குழாய்களையும் அமைத்து, வாயுவையும் எடுத்துக்கொண்டிருந்தோர்க்கே இது நேர்ந்தது என்றால், இரு கிணறுகளை மட்டும் கண்ட நாம் எண்களைக் கையாளுகையில் எத்துணை எச்சரிக்கை வேண்டும்!

மூன்று வகை நெல்

மாதோட்டத்து உழவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். கட்டுக்கரைக் குளத்தில் நீர் நிறையும் என எண்ணி அவன் விதைக்கக் கருதும் நெல் ஒன்று. வயலிலே கதிராகி நிற்கும் நெல் ஒன்று. அறுத்து, தூற்றி, களஞ்சியத்திற் சேர்த்த நெல் ஒன்று. மூன்றுக்கும் பெயர் நெல்லே. ஆயினும் கடன்காரனுக்கு அளந்து கொடுக்கக்கூடியது மூன்றாவது மட்டுமே.

பெற்றோலிய மதிப்பீட்டிலும் உலகெங்கும் இம்மூன்று வகைகளும் பிரித்தே வழங்குகின்றன. துளையிடாத இடத்தில் இருக்கக்கூடும் என ஊகிப்பது எதிர்பார்ப்பு வளம். துளையிட்டுக் கண்டும், எடுப்பதற்குரிய விலையோ வழியோ உடன்படிக்கையோ இன்னும் அமையாதது நிபந்தனை வளம். இன்றைய விலைக்கு, இன்றைய கருவிகளால், ஏற்றுக்கொள்ளப்பட்ட திட்டத்தின்படி இலாபத்தோடு எடுக்கத்தக்கது மட்டுமே இருப்பு. டொறாடோவும் பராக்குடாவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. படுகையின் எஞ்சிய பகுதி முழுவதும் முதலாம் வகை. மூன்றாம் வகையில் நமக்கு ஒன்றும் இல்லை.

வாயு என்பதனாலும் ஒரு சிக்கல் உளது. எண்ணெயைக் கடலிலேயே கப்பலில் ஏற்றி விற்கலாம். வாயுவுக்கோ கரைவரை குழாய் வேண்டும். கரையிலே அதனைப் பல்லாண்டுகளுக்கு வாங்கும் மின்நிலையங்கள் வேண்டும். வாங்குவோரும் விலையும் உறுதியாகாமல் எவரும் ஆழ்கடலில் முதலிடார். வாயு உறுதியாகாமல் எவரும் அதற்கென மின்நிலையம் கட்டார். இம்முடிச்சை அவிழ்ப்பது பாறையன்று, அரசும் சட்டமுமே. 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் பெற்றோலிய அபிவிருத்திக்கென ஓர் அதிகாரசபையை அமைத்தமை இவ்வழியில் ஒரு படியாகும்.

பழைய சலாபம் ஒன்றின் பாடம்

இதே கடலை முன்னோரும் மதிப்பிட்டனர். அரிப்புக்கு அப்பாலுள்ள முத்துப் பார்களில் சலாபம் கூறுமுன், சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அவற்றினின்றும் பெற்ற முத்துக்களை வணிகரைக்கொண்டு விலை மதித்தல் ஆங்கிலேயர் கால வழக்கம். இன்றைய ஆய்வுக் கிணற்றுக்கு இஃது ஒப்பாகும். 1902இல் பேராசிரியர் ஹேட்மன் வந்து இப்பார்களை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தார். 1905இல் சலாபம் பெருவிளைவைத் தந்தது. அதனைக் கண்ட இலண்டன் முதலாளிகள் கம்பனியொன்றை அமைத்து, 1906இல் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். 1907க்குப் பின் சிப்பிகள் அருகின. சில ஆண்டுகளுள் கம்பனி கலைந்தது.

இங்கே விஞ்ஞானம் பொய்த்ததன்று. ஓராண்டின் விளைவை இருபதாண்டின் விளைவாக எண்ணிய பேராசை பொய்த்தது. வயலில் நின்ற நெல்லைக் களஞ்சிய நெல்லாகக் கணக்கெழுதினர். இழந்தோர் அன்று குத்தகையாளர். இன்று அவ்வாறு கணக்கெழுதினால் இழப்போர் நாமே. வராத வாயுவை நம்பிப் பட்ட கடனை நம் பிள்ளைகள் இறுக்க நேரிடும்.

மதிப்பீட்டில் இழப்பின் பக்கமும் சேர்தல் வேண்டும். மன்னார் வளைகுடா பேசாலை முதலிய ஊர்களின் மீனவரது வயல். கடற்பசு உலவும் இடம். 2021இலே கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் எரிந்து மூழ்கியபோது, பிளாத்திக்குத் துகள்கள் நம் மேற்குக்கரை மணலை மூடியதை நாம் கண்ணாற் கண்டோம். கடலில் நேரும் பிழையின் விலையைக் கரையில் வாழ்வோரே முதலிற் கொடுக்கின்றனர்.

முடிவுரை

அம்மாணவனின் வினாவுக்கு இன்று விடை கூறுவதாயின் இவ்வாறு கூறுவேன்: "தம்பி, மன்னார்க் கடலடியில் எண்ணெயையும் வாயுவையும் சமைக்கும் அடுக்களை உண்டு என நம்பச் சான்று உளது. இரண்டு இடங்களில் வாயு கண்டுள்ளனர். எவ்வளவு என்பது தெளிவாகவில்லை; எடுத்தால் கட்டுமா என்பதும் தெளிவாகவில்லை. இன்றுவரை அப்படுகையிலிருந்து வணிகத்துக்காக ஒரு பீப்பாயும் எடுக்கப்படவில்லை. உன் தந்தையார் வரிசையில் நின்றது கடலடியில் வாயு இருந்தும் அதை எடுக்காமையால் அன்று. வெளிநாட்டு எண்ணெயை வாங்க நாட்டிடம் டொலர் இல்லாமையால். கடலடி வாயு நாளை உதவலாம்; அதனை எண்ணி இன்று செலவு செய்தல் ஆகாது."

இது நீண்ட விடைதான். "இருக்கிறது" என்பதைப்போல இனிமையானதும் அன்று. ஆனால் இவ்விடையோடு வளரும் மாணவன், செய்தியேட்டில் அடுத்த முறை பெரிய எண்ணொன்றைக் காணும்போது மூன்று வினாக்களைக் கேட்பான்: இது எதிர்பார்ப்பா, நிபந்தனை வளமா, இருப்பா? இதன் குறைந்த மதிப்பு என்ன? எடுக்கும் செலவையும் இழப்பையும் எவர் ஏற்பர்?

அம்மூன்று வினாக்களுக்கும் விடை தேடும் அறிஞர் நம்மிடையே பெருகுதல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்திற் புவிச்சரிதவியல் கற்பிக்கின்றனர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திற் புவி வளப் பொறியியல் கற்பிக்கின்றனர். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாயில்களை மட்டுமே நோக்கி நிற்கும் நம் மாணவர் இவ்வாயில்களையும் தட்டுதல் நன்று. பிறர் வந்து நம் கடலை அளந்து கூறும் எண்ணைக் கேட்டு மகிழ்வதிலும், அவ்வெண் எவ்வாறு வந்தது என்று ஆராயும் ஆற்றல் நம்மவர்க்கு இருப்பது பெருஞ்செல்வம். அச்செல்வத்துக்கு வேண்டியது துளையிடு கப்பலன்று. வகுப்பறையில் எழுந்து நின்று வினவும் மாணவனும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணியும் ஆசிரியனுமே. அன்று மாணவன் தன் கடமையைச் செய்தான். என் கடமையை யான் இப்போதே செய்து முடித்தேன்.